கை படாத ரோபோ

பள்ளிக்கூட ரோபோ ரேஸுக்குப் போகிறவர்கள் எல்லோரும் ரோபோவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதில் பார்க்க என்ன இருக்கிறது? வெள்ளை ஃப்ளெக்ஸில் ஒட்டிய கறுப்பு டேப்பின் மேல் அது தன் பாட்டுக்கு ஓடும், வளைவில் தடுமாறும், மறுபடி கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும். வெள்ளையில் பட்ட அகச்சிவப்பு ஒளி திரும்பி வரும். கறுப்பில் பட்டது வராது. வயிற்றுக்கு அடியில் இருக்கும் சென்சார் அந்த வித்தியாசத்தைச் சொல்ல, இரண்டு மஞ்சள் மோட்டார்களும் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் சங்கதி. விசேஷமெல்லாம் பிள்ளைகளின் கைகளில் இருக்கிறது. அவற்றைப் பாருங்கள். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் டை, மார்பில் 'சீஃப் இன்ஜினியர்' என்று ஓர் அட்டை. கைகள் மட்டும் முதுகுக்குப் பின்னால். நகத்தில் அழுக்கு இல்லை. விரலில் சூடுபட்ட தடம் இல்லை. ஒரு ரோபோவைச் செய்து முடித்த கை அப்படி இருக்கவே முடியாது.

அப்படியானால் ரோபோவைச் செய்தது யார்? அந்தக் கேள்வியை மட்டும் அரங்கில் யாரும் கேட்கக் கூடாது. அது எழுதப்படாத முதல் விதி.

ஒரு பெரிய தனியார் பள்ளியில் நடந்த போட்டி அது. பெயர் வேண்டாம், பள்ளிக்குப் பள்ளி மாறுவது பெயர் ஒன்றுதான். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் வண்டி தொடக்கக் கோட்டில் நின்றுவிட்டது. மோட்டாரிலிருந்து ஒரு சிவப்பு ஒயர் விட்டுப்போயிருந்தது. மூன்றாவது வரிசையிலிருந்த எனக்கே தெரிந்தது. அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? குனிந்து விரலை நீட்டினான். "தொடாதடா! சார் வரட்டும்!" என்று அம்மாவின் குரல் வந்தது, எரியும் அடுப்பில் கை வைக்கப் போன பிள்ளையை அதட்டுவதுபோல. சார் ஓடி வந்தார். முதுகில் கம்பெனி பெயர் அச்சடித்த கறுப்பு டி ஷர்ட், பையில் ஸ்குரூ டிரைவர். மண்டியிட்டு உட்கார்ந்து ஒயரை முறுக்கிச் சொருகினார். "சார், நான் பண்ணட்டுமா?" என்று பையன் கேட்டான். "அப்புறம் பண்ணலாம் தம்பி, இப்ப டைம் இல்ல."

வண்டி ஓடியது. இரண்டாம் பரிசும் வாங்கியது. மேடையில் நடுவர் மைக்கைக் கொடுத்து, எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். "மை ரோபோட் யூசஸ் இன்ஃப்ராரெட் சென்சார்ஸ் அண்ட் எ மைக்ரோ கன்ட்ரோலர்" என்று தொடங்கி மூச்சு விடாமல் ஒப்பித்தான். நடுவர் நல்ல மனிதர்போல. "சரி, ஆரம்பத்துல நின்னுச்சே, ஏன் நின்னுச்சு?" என்றார். பையன் திரும்பிச் சாரைப் பார்த்தான். சார் அம்மாவைப் பார்த்தார். அம்மா பிரின்சிபாலைப் பார்த்தார். பிரின்சிபால் கைதட்டினார். அரங்கமே கைதட்டியது.

அன்றைக்கு அறிவியல் உண்மையிலேயே ஒரு முறை அந்த அரங்குக்கு வந்தது. மதியம் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் ஃப்ளெக்ஸில் விழுந்தது. அந்தத் திட்டைத் தொட்ட ரோபோக்கள் எல்லாம், எந்தப் பள்ளியின் ரோபோவானாலும், ஒரே மாதிரி பேய் பிடித்துச் சுற்றின. வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது. சென்சாருக்குக் கறுப்பும் வெளுப்பும் ஒன்றாகிவிட்டன. ஓர் ஆசிரியர் அந்த இடத்தில் ரேஸை நிறுத்தி, "ஏன் இப்படி ஆகுது, சொல்லுங்க பார்க்கலாம்" என்று கேட்டிருந்தால், ஆண்டு முழுக்க நடத்திய பௌதிகப் பாடத்துக்கு அது ஈடாகியிருக்கும். ஒருங்கிணைப்பாளர் ஓடி வந்து திரைச்சீலையை இழுத்து மூடினார். அறிவியல் வந்த வழியே போய்விட்டது. போட்டி குறித்த நேரத்தில் முடிந்தது.

குறித்த நேரத்தில் முடிந்தது, ஆனால் தொடங்கவில்லை. சிறப்பு விருந்தினர் வரும்வரை பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் வந்து கலாம் கனவு காணச் சொன்னதை நினைவூட்டினார். கலாம் பெயரைச் சொல்லாமல் இந்த நாட்டில் ஒரு சுவிட்சைக்கூடப் போட முடியாது. ஆனால் அந்த மனிதர் ஏவுகணைக்கு உருவான இலேசான பொருளைக் கொண்டு, கால் சூம்பிய பிள்ளைகளுக்கு எடை குறைந்த காலிப்பர் என்னும் கால் தாங்கி செய்ய முனைந்தவர் என்பதை எந்த மேடையும் சொல்வதில்லை. கனவுக்குச் செலவில்லை. காலிப்பர் செய்ய வேண்டுமென்றால் பட்டறைக்குப் போக வேண்டும்.

கணக்குக்கு வருவோம். சென்னை ரிச்சி தெருவில் போய் நின்றால் ஓர் ஆர்டுயினோ போர்டு, ஒரு மோட்டார் டிரைவர், இரண்டு மோட்டார், இரண்டு சக்கரம், நாலைந்து சென்சார், ஒரு பேட்டரிப் பெட்டி எல்லாம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். பேரம் பேசத் தெரிந்தால் இன்னும் குறையும். அதே சாமான்கள் பள்ளியின் முத்திரை அச்சடித்த பெட்டிக்குள் போனதும் 'ஸ்டெம் கிட்' என்று ஞானஸ்நானம் பெற்றுப் பல மடங்கு விலைக்கு வெளியே வருகின்றன. அதற்கு மேல் பயிற்சிக் கட்டணம், பதிவுக் கட்டணம், டி ஷர்ட்டுக்குத் தனி, சான்றிதழுக்குத் தனி. வந்தவர்களுக்கெல்லாம் பதக்கம். பணம் கட்டிய ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது வியாபார தர்மம். தோற்பதென்றால் என்னவென்று ஒரு பிள்ளைக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பது கல்விக் கொள்கை. இரண்டும் ஒத்துப்போவது நம் காலத்தின் கொடுப்பினை.

இந்த நாடகத்தில் உண்மையாகவே வேலை செய்கிறவர் ஒரே ஒருவர்தான். அந்தக் கறுப்பு டி ஷர்ட் சார். விசாரித்துப் பாருங்கள், பெரும்பாலும் இ.சி.இ. அல்லது மெக்கட்ரானிக்ஸ் படித்தவராக இருப்பார். கல்விக் கடன் இருக்கும். படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் இந்த ஒப்பந்த வேலைக்கு வந்திருப்பார். டூ வீலரின் பின்னால் கிட் மூட்டையைக் கட்டிக்கொண்டு காலையில் ஒரு பள்ளி, மதியம் ஒரு பள்ளி, சனிக்கிழமை அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸ். கோடை விடுமுறையில் வகுப்பு இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. இன்ஜினியர் ஆகியும் வேலை கிடைக்காதவரை வைத்துத்தான், இன்ஜினியர் ஆனால் வாழ்க்கை அமைந்துவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ராத்திரி கண் விழித்து இருபது ரோபோக்களுக்கும் ஈயம் பற்றவைத்தவர் அவர். சான்றிதழில் அவர் பெயர் கிடையாது. குழுப் படத்தில் இருந்தால் ஓரத்தில் அரை முகம் தெரியும்.

இது பணக்காரப் பள்ளிகளின் கோளாறு மட்டும்தான் என்று ஆறுதல் அடையவும் வழியில்லை. பள்ளிகளில் அடல் டிங்கரிங் லேப் அமைக்கும் திட்டம் 2016-ல் நிதி ஆயோக் மூலம் வந்தது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய்; பத்தாயிரம் பள்ளிகள். 2025 பட்ஜெட்டில், இன்னும் 50,000 லேப்கள் ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளுக்கு வரும் என்று அறிவித்தார்கள். வரட்டும், நல்ல காரியம். நன்றாக நடத்தும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்கு மேலும் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் அவர்களுக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் நான் பார்த்த ஒரு பள்ளியில் முப்பரிமாண பிரின்டர், வாங்கி வந்த நாளில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை கலையாமல், புதுப்பெண்போல உட்கார்ந்திருந்தது. பீரோவுக்குப் பூட்டு, சாவி தலைமையாசிரியர் மேசையில். காரணம் கேட்டேன். "பசங்க கை வச்சா ஏதாவது உடைஞ்சிடும் சார். ஆடிட்ல யார் பதில் சொல்றது?" அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஸ்டாக் ரிஜிஸ்டரில் 'உடைந்தது' என்று எழுத நேர்ந்தால் அவர் கையிலிருந்து பணம் போகும். 'ஒரு பிள்ளை கற்றுக்கொண்டது' என்று எழுத அந்த ரிஜிஸ்டரில் பத்தியே இல்லை. ஆக, ஓரிடத்தில் சார் செய்கிறார், பிள்ளை தொடுவதில்லை. இன்னோரிடத்தில் யாருமே தொடுவதில்லை. டிங்கரிங் என்றால் கழற்றிப் பூட்டிப் பார்ப்பது. நாம் பூட்டுவதை மட்டும் செம்மையாகச் செய்கிறோம்.

இதற்கெல்லாம் மூலகாரணம் பணம் இல்லை. பணம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. மூலகாரணம் கையின் மேல் நமக்கிருக்கும் அருவருப்பு. மதிப்பெண் குறைந்தால் நம் வீடுகளில் பிள்ளையை எப்படி மிரட்டுகிறோம்? "படிக்கலைன்னா மெக்கானிக் ஷெட்டுக்குத்தான் போகணும்." அதே வாயால், அதே வாரம், ரோபாட்டிக்ஸ் வகுப்புக்குப் பணம் கட்டுகிறோம். ரோபாட்டிக்ஸ் என்பது மெக்கானிக் ஷெட்தான் ஐயா. ஸ்குரூ, கிரீஸ், ஈயப் புகை, எரிந்த மோட்டாரின் நாற்றம், தரையில் உருண்டு போன நட்டைத் தேடி மேசைக்கடியில் தவழ்வது. ஏ.சி. போட்டுக் கட்டணம் வாங்கினால் பட்டறை பட்டறையாக இல்லாமல் போய்விடுமா? ஆயுத பூஜையன்று ஸ்பானருக்குச் சந்தனப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுவோம். மறுநாள் அந்த ஸ்பானரைப் பிடித்து வேலை செய்ய வருகிறவரை வாசலோடு நிறுத்தித் தனி டம்ளரில் தண்ணீர் கொடுப்போம். கருவி கும்பிடத் தகுந்தது. கருவியைப் பிடிக்கும் கை தீண்டத் தகாதது. எந்தக் கை எந்த வேலை செய்ய வேண்டும் என்று பிறப்பிலேயே பிரித்து வைத்த புத்தி, டை கட்டிக்கொண்டதும் போய்விடவில்லை. கிட் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சந்தேகமிருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டாம் பரிசு வாங்கிய அந்தப் பையன் நாலு வருஷம் கழித்து, "அம்மா, எனக்கு நிஜ ரோபோவோடு வேலை செய்ய ஆசை, அரசு ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிடு" என்று சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? இழவு விழுந்ததுபோல் ஆகிவிடும். ஆனால் தமிழ்நாட்டில் பள்ளி முடித்த பிள்ளை ஒன்று கம்பெனிகளில் ஓடும் நிஜமான ரோபோக் கையைத் தொட்டு இயக்கிப் பழக வேண்டுமென்றால், இன்றைக்கு ஒழுங்கான வழி அந்த ஐ.டி.ஐ.தான். 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து தொழில் 4.0 மையங்கள் அமைக்க 2,877 கோடி ரூபாய்த் திட்டம் போட்டார்கள். 2023-ல் ஒரகடத்தில் தொடங்கி முதல் மையங்கள் திறக்கப்பட்டன. தொழில்துறை ரோபாட்டிக்ஸ் அங்கே ஒரு தொழிற்பிரிவு. கட்டணம் கிடையாது, அரசு மாதாமாதம் உதவித்தொகையும் கொடுக்கிறது. பொம்மை ரோபோவுக்குப் பணத்தைக் கொட்டிக்கொடுத்துவிட்டு, நிஜ ரோபோ இலவசமாகக் கிடைக்கும் இடத்தைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்ளும் ஜனங்கள் உலகில் வேறெங்கும் உண்டா, தெரியவில்லை. இருங்காட்டுக்கோட்டை கார் ஆலையில் வெல்டிங் வைக்கும் ரோபோ நின்றுபோனால் எந்தப் பள்ளியின் 'சீஃப் இன்ஜினியரை'யும் கூப்பிட மாட்டார்கள்.

ஜப்பானை உதாரணம் காட்டாத பள்ளி ஆண்டு விழா கிடையாது. அந்த ஜப்பானில் ரோபோ போட்டியை நாட்டின் திருவிழா ஆக்கியது யார்? 1988-லிருந்து என்.எச்.கே. தொலைக்காட்சி நடத்திவரும் ரோபோகான். அதில் இறங்கியவர்கள் கோசென் மாணவர்கள். கோசென் என்பது பதினைந்து வயதில் சேர்ந்து ஐந்தாண்டு படிக்கும் தொழில்நுட்பக் கல்லூரி. நம் ஊர்க் கணக்கில் பாலிடெக்னிக். "பத்தாவதுல மார்க் கம்மி, பாலிடெக்னிக்ல போட்டிருக்கோம்" என்று கல்யாண வீட்டில் குரலைத் தாழ்த்திச் சொல்வோமே, அதே பாலிடெக்னிக். அங்கே அந்தப் பிள்ளைகளை நாடே டி.வி.யில் உட்கார்ந்து பார்க்கிறது. நாம் ஜப்பானின் ரோபோவைக் கேட்கிறோம். அதைச் செய்த பிள்ளை நம் வீட்டுப் பிள்ளையாக இருந்துவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொள்கிறோம்.

அமெரிக்கா என்றால்தான் காது கொடுப்பீர்கள் என்றால் அதுவும் இருக்கிறது. 2004-ல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில், ஏழைகள் படிக்கும் கார்ல் ஹேடன் பள்ளியிலிருந்து நான்கு பையன்கள் நீருக்கடியில் ஓடும் ரோபோப் போட்டிக்குப் போனார்கள். மெக்ஸிகோவிலிருந்து வந்த குடும்பங்கள். குடியுரிமைக் காகிதம்கூட இல்லாத பிள்ளைகள். ரோபோவின் உடம்பு பி.வி.சி. பைப். பைப் ஒட்டும் பசை நாறியதால் அதற்கு 'ஸ்டிங்கி' என்று பெயர். மொத்தச் செலவு 800 டாலர் அளவில். எதிரில் நின்ற எம்.ஐ.டி. கல்லூரி அணிக்குப் பெரிய எண்ணெய்க் கம்பெனியின் பணம். போட்டிக்கு முன்பு மின்சாதனப் பெட்டிக்குள் தண்ணீர் கசிந்தது. பையன்கள் கடைக்கு ஓடி, மாதவிடாய்க்குப் பெண்கள் பயன்படுத்தும் டாம்பூன்களை வாங்கி வந்து உள்ளே வைத்தார்கள். அவை ஈரத்தைக் குடித்துக்கொண்டன. எம்.ஐ.டி.யைத் தோற்கடித்தார்கள். நம் ஊராக இருந்தால் அந்தப் பெட்டியைத் திறக்கவே விட்டிருக்க மாட்டோம். விட்டிருந்தாலும் டாம்பூனைப் பார்த்த மாத்திரத்தில் ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்திருக்கும்.

சிரிப்பு வராத ஒன்றும் சொல்லியாக வேண்டும். எந்தப் பள்ளிக் கண்காட்சிக்குப் போனாலும் தெர்மாகோலில் ஒரு சாக்கடைக் குழியும், அதில் இறங்கும் குட்டி ரோபோ ஒன்றும் இருக்கும். 'மனிதக் கழிவை மனிதன் அள்ள வேண்டாம்' என்று மேலே எழுதியிருக்கும். ஆண்டுதோறும் ஆறுதல் பரிசாவது அதற்கு நிச்சயம். பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டமே வந்துவிட்டது. சாக்கடையில் செத்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. திருவனந்தபுரத்து இளைஞர்கள் 2018-லேயே பேண்டிகூட் என்ற ரோபோவைக் குழியில் இறக்கிக் காட்டினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யும் ஹோமோசெப் என்று ஒன்றைச் செய்தது. சட்டமும் இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது, இயந்திரமும் இருக்கிறது. ஆளும் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறான், அதுவும் குறிப்பிட்ட சில சாதிகளில் பிறந்தவன். அந்த வேலையைச் செய்யும் கை மலிவாகக் கிடைக்கும்வரை இயந்திரத்துக்குப் பரிசு மட்டும்தான் கிடைக்கும், வேலை கிடைக்காது. தெர்மாகோல் குழிக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கும் பெரிய மனிதர்களே, உங்கள் வீட்டு செப்டிக் டேங்குக்குப் போன முறை யாரைக் கூப்பிட்டீர்கள்?

இதையெல்லாம் சொல்வதால் ரோபோ போட்டியே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கிளப்பிவிட வேண்டாம். வேண்டும். ஊருக்கு ஊர் வேண்டும், மாநகராட்சிப் பள்ளியிலும் வேண்டும். பெரியவர்களைத்தான் வெளியே அனுப்ப வேண்டும். இதற்குப் புதிதாக ஞானம் ஒன்றும் தேவையில்லை. 2004-ல் சிங்கப்பூரில் தொடங்கிய உலக ரோபோ ஒலிம்பியாடில் பல ஆண்டுகள் ஒரு விதி இருந்தது. ரோபோவைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கொண்டுவர வேண்டும். பிள்ளைகளே அங்கே உட்கார்ந்து பூட்ட வேண்டும். பயிற்சியாளர் எல்லைக்கு வெளியே நிற்க வேண்டும். போதாக்குறைக்கு அன்று காலையில் யாருக்கும் முன்கூட்டித் தெரியாத திடீர் விதி ஒன்றையும் அறிவிப்பார்கள். ஒப்பித்து வந்தவன் அங்கேயே அம்பேல். 2016-ல் அந்த ஒலிம்பியாடின் இறுதிப் போட்டியை இந்தியாவே நடத்தியது. அதன் பேனர் நம் பள்ளி வாசல்வரை வந்தது. விதி வரவில்லை.

ஆகவே, அடுத்த ஆண்டுப் போட்டிக்கு என் தரப்பில் ஒரு விதி. ரேஸ் தொடங்கும் முன் நடுவர் ஒவ்வொரு ரோபோவிலும் ஏதாவது ஓர் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும். பெற்றோர், பிரின்சிபால், சார், ஸ்பான்சர் எல்லோரும் வெளியே, பிள்ளைகள் உள்ளே. கதவைச் சாத்திவிட வேண்டும். முதல் வருஷம் பாதி வண்டி நகராது. நகராமல் போகட்டும். சில பிள்ளைகள் அழும். அழட்டும். ஒன்றிரண்டு மோட்டார் புகையும். புகையட்டும். எந்த வண்டி ஓடுகிறதோ அது மெதுவாக, கோணலாக, கோட்டை விட்டு இரண்டு முறை விலகித்தான் ஓடும். அதற்குக் கொடுங்கள் முதல் பரிசை.

நிர்வாகம் இதற்குச் சம்மதிக்காது, எனக்கும் தெரியும். அட்மிஷன் சீசன் இருக்கிறது. ஹோர்டிங்கில் போடப் புன்னகைக்கும் முகங்கள் தேவை. சரி, போட்டியை இப்படியே நடத்துங்கள். கோப்பையில் பெயர் பொறிக்கும்போதாவது பொய் சொல்லாதீர்கள். செய்தவர் என்ற இடத்தில் அந்த ஒப்பந்தப் பயிற்சியாளரின் பெயரைப் போடுங்கள். வென்றவர் என்ற இடத்தில் பணம் கட்டிய தகப்பனாரின் பெயரைப் போடுங்கள். பிள்ளைகளின் பெயர்களைப் பார்வையாளர் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.